முதல் பட்டர் ஃப்ரூட் கசந்துபோனவருக்கு

கேட்டிருந்த கேள்வி சுருக்கமாக இதுதான்: "மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் பேலியோ உணவுமுறையைத் தொடங்கி 12 நாள் ஆகிறது. சுகருக்கு மாத்திரை எடுக்கிறேன். தலை பாரமாக இருக்கிறது, மலச்சிக்கல் வேறு. தினமும் அவகாடோ, அதாவது பட்டர் ஃப்ரூட், சாப்பிட்டால் சரியாகும் என்றார்கள். மூன்று பழம் வாங்கினேன். ஒன்றை வாங்கிய அன்றே வெட்டினேன். மெழுகைக் கடித்த மாதிரி இருந்தது, ஒரே கசப்பு. இரண்டாவதை இரண்டு நாள் கழித்துப் பாலும் தேனும் விட்டு மிக்ஸியில் அடித்துக் குடித்தேன். குடிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு மணி நேரத்தில் சுகர் ஏறிவிட்டது. மூன்றாவது ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இந்தப் பழம் இல்லாமல் இந்த உணவுமுறையில் இருக்கவே முடியாதா?"

முதலில் அந்த மூன்றாவது பழத்தை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். காயாக இருக்கும்போதே குளிரில் வைத்தால் பழுக்கிற வேலை அப்படியே நின்றுபோகும். வாரக்கணக்கில் கிடந்தால் வெளியே எடுத்த பிறகும் ஒழுங்காகப் பழுக்காது. சதை சாம்பல் பூத்து, உள்ளே நார் கறுத்துப்போகும். இரண்டு மூன்று நாள்தான் ஆகிறது என்றால் பிழைத்துக்கொள்ளும்.

நான் மருத்துவர் இல்லை. தோட்டக்கலை படித்தவள். வத்தலக்குண்டுக்கு மேலே, கீழ்ப்பழனி மலையில் என் மாமனார் வீட்டுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. காப்பிக்கு நிழலாக நிற்கிற மரங்களோடு பட்டர் ஃப்ரூட் மரமும் பத்துப் பதினைந்து நிற்கின்றன. ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை எட்டிப்பார்த்தது. அப்போது சோறு, இட்லி, பழங்களைக் குறைத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் சாப்பிட்டு வருகிறேன். அதனால் இந்தப் பழத்தை மரத்திலும் தெரியும், தட்டிலும் தெரியும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழம் இல்லாமல் தாராளமாக இருக்கலாம். முட்டை, மீன், கறி, கீரை, தேங்காய், நெய், தயிர் என்று நம் வீட்டில் இருப்பதை வைத்தே மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட முடியும். பட்டர் ஃப்ரூட் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இரண்டு அனுபவத்தை வைத்து அதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். நீங்கள் முதலில் சாப்பிட்டது காய். இரண்டாவது, பழத்தைவிடத் தேனும் பாலும் அதிகமாக இருந்த ஒரு பானம். பட்டர் ஃப்ரூட்டை நீங்கள் இன்னும் சாப்பிடவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை ஏன் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள் என்றால், பழம் என்று பெயர் வாங்கிய எல்லாவற்றிலும் இது தனி ஜாதி. 100 கிராம் சதையில் கொழுப்பு சுமார் 15 கிராம். மாவுச்சத்து என்று கணக்கில் வருவது எட்டரை கிராம், ஆனால் அதில் ஆறரைக்கு மேல் நார்ச்சத்து. நார்ச்சத்து சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஏறாது என்பதால் உங்கள் கணக்கில் சேருவது இரண்டு கிராமுக்குள்தான். அதே 100 கிராம் வாழைப்பழத்தில் மாவுச்சத்து 23 கிராம், நார்ச்சத்து இரண்டரை. வாழைப்பழத்துக்குப் பேர்போன பொட்டாசியம்கூட இதில் இன்னும் கூடுதல்: வாழையில் 360 மில்லிகிராம் அளவுக்கு என்றால் இதில் 480 வரை. கொழுப்பும் பெரும்பாலும் ஒலிக் அமிலம், அதாவது ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே வகை. எல்லாம் சேர்ந்து 160 கலோரி. பழமாக நினைத்தால் இது அதிகம், உணவாக நினைத்தால் சரியான அளவு.

இங்கேதான் நம் ஆட்கள் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பழம் என்றதும் நாக்கு இனிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. மாம்பழத்துக்கும் சப்போட்டாவுக்கும் பழகின வாயில், இனிப்பும் இல்லாத புளிப்பும் இல்லாத ஒரு வழவழப்பு போய் விழுந்தால் 'இதுக்கா இவ்வளவு காசு' என்றுதான் தோன்றும். பழம் என்கிற எண்ணத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இதைத் தேங்காய் மாதிரி நினைத்துப் பாருங்கள். தேங்காயை நாம் பழமாகச் சாப்பிடுவதில்லை. உப்பு, பச்சை மிளகாய், புளிப்பு சேர்த்துச் சட்னி அரைக்கிறோம், குழம்பில் விடுகிறோம், பொரியலில் தூவுகிறோம். அதன் வேலை கொழுப்பும் ருசியும் கொடுப்பது. பட்டர் ஃப்ரூட்டுக்கும் அதே வேலைதான். வெண்ணெய்ப் பழம் என்று தமிழில் பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். ஆனைக்கொய்யா என்றும் ஒரு பெயர் இருக்கிறது. அது உருவத்துக்குப் பொருந்தும், ருசிக்குப் பொருந்தாது.

இது பிறந்த மெக்சிகோவில் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். அங்கே பழங்குடி மக்கள் பேசும் நாவாட்டில் மொழியில் இதற்கு 'அவாகத்ல்' என்று பெயர். அதிலிருந்துதான் அவகாடோ வந்தது. அதை மசித்து வெங்காயம், மிளகாய், உப்பு, எலுமிச்சை சேர்த்துச் செய்வதுதான் குவாக்கமோலி. நம் கண்ணுக்கு அது ஒரு பச்சடி, அவ்வளவுதான். இந்தோனேசியா, பிரேசில் பக்கம் பால், சர்க்கரை சேர்த்து இனிப்பாகக் குடிப்பதும் உண்டு. நம் ஜூஸ் கடைகளிலும் அதுதான் பழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்காக இந்தப் பழத்தைத் தேடி வந்தவருக்கு அது உதவாது.

சரி, உங்கள் முதல் பழம் ஏன் கசந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல்முறை வாங்கும் பத்தில் எட்டுப் பேர் தோற்கும் இடம் இதுதான்.

பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது. மாம்பழம், கொய்யா மாதிரி கிளையில் பழுத்து மணக்கும் என்று காத்திருக்க முடியாது. முற்றின பிறகும் கல்லு மாதிரிதான் தொங்கும். பறித்த பிறகுதான் பழுக்க ஆரம்பிக்கும். அதனால் கடைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் காய்தான். வாங்கிய அன்றே வெட்டினால் சதை கொட்டையை விட்டு வராது, வழவழப்பு இருக்காது, துவர்ப்பும் கசப்புமாக நாக்கைப் பிடிக்கும். இதைப் பழத்தின் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்வெட்டாகப் பறித்த மாம்பழத்தை அன்றைக்கே சாப்பிட்டால் எப்படி இருக்குமோ, அதே கதைதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முற்றின காய் வேறு, பிஞ்சு வேறு. இரண்டும் கையில் கல்லாகத்தான் இருக்கும். முற்றினது சில நாளில் பழுத்துவிடும். பிஞ்சாகப் பறித்தது எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காது. தோல் சுருங்கி, உள்ளே ரப்பர் மாதிரி ஆகி, கடைசியில் அழுகிப்போகும். விலை நன்றாக இருக்கும்போது சிலர் அவசரப்பட்டுப் பறித்துவிடுவார்கள். வெட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: கொட்டையின் மேல்தோல் வெள்ளையாக, தடியாக, சதையோடு ஒட்டியிருந்தால் அது பிஞ்சு. காகிதம் மாதிரி மெல்லிசாகி, கரும்பழுப்பு நிறத்துக்கு வந்திருந்தால் முற்றினது. தோட்டத்தில் மாமனார் பறிப்புக்கு முன்னால் மரத்துக்கு ஒரு காயை வெட்டி, இந்தக் கொட்டைத் தோலைத்தான் நகத்தால் கீறிப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவோம். சில மரத்துக் காய் முற்றியதும் உள்ளே கொட்டை தளர்ந்துவிடும். காதோரம் வைத்துக் குலுக்கினால் லேசாக ஆடும் சத்தம் கேட்கும். கடையில் நின்று நீங்களும் குலுக்கிப் பார்க்கலாம். ஆடவில்லை என்பதற்காகக் கழித்துவிட வேண்டாம், எல்லா ரகத்திலும் ஆடாது.

வீட்டில் பழுக்க வைப்பது சுலபம். செய்தித்தாளில் சுற்றி, கூடவே நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழத்தை வைத்து, வீட்டில் இருப்பதிலேயே குளுமையான இடத்தில் வையுங்கள். வாழைப்பழத்திலிருந்து எத்திலீன் என்கிற வாயு வெளிவரும். அது பக்கத்துக் காயையும் பழுக்கச் சொல்லும். அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்து வைப்பார்களே, அதன் சூட்சுமமும் அந்த வாயு வெளியே போகாமல் தேங்குவதுதான். எங்கள் மலையில் ஒரு வாரத்துக்கு மேல்கூட எடுக்கும். சென்னை, மதுரை மாதிரி இடங்களில் மூன்று நாலு நாளில் பழுத்துவிடும். கோடையில் மட்டும் கவனம். முப்பது டிகிரிக்கு மேல் போனால் ஒரு பக்கம் காயாகவும் காம்புப் பக்கம் அழுகலாகவும் போய்விடும்.

பழுத்துவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள். அழுத்தின இடமெல்லாம் உள்ளே கன்றிப்போகும். கடையில் பத்துப் பேர் அழுத்தின பழத்தை வெட்டினால் பத்து இடத்தில் கறுத்திருக்கும். உள்ளங்கையில் வைத்து, எல்லா விரலும் சேர்ந்து லேசாகப் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் இளகிக் கொடுத்தால் போதும். அப்புறம் காம்பு. சின்னக் குமிழ் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் காம்பைக் கட்டைவிரலால் நெம்பினால், பழுத்த பழத்தில் பட்டென்று கழன்று வரும். அந்தக் குழியில் இளம்பச்சையோ மஞ்சளோ தெரிந்தால் அன்றைக்கே வெட்டலாம். காம்பு அசையவே இல்லை என்றால் இன்னும் இரண்டு நாள். குழி கறுத்திருந்தால் உள்ளேயும் கறுப்பு இறங்கியிருக்கும்.

நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பழுத்தால் கறுக்கும் என்று படித்திருப்பீர்கள். அது ஹாஸ் என்கிற ரகத்தின் குணம். கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் போட்ட விதையிலிருந்து முளைத்த ஒரே மரத்தின் வாரிசுகள் அவை. 1935-இல் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தத் தாய் மரம் 2002 வரை நின்றது. இன்று சூப்பர் மார்க்கெட்டில் சொரசொரப்பான தோலோடு சின்னதாக, தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து வந்து இறங்குவது அதுதான். நம் ஊர்ப் பழத்தில் முக்கால்வாசி வழவழப்பான பச்சைத்தோல். பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும், பளபளப்பு மட்டும் கொஞ்சம் மங்கும்.

நம் ஊர்ப் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கமும், நீலகிரியிலும், ஏற்காட்டிலும், குடகு, வயநாட்டிலும் நிற்கும் மரங்களில் நிறைய, கொட்டை போட்டு முளைத்தவை. கொட்டையிலிருந்து வரும் கன்று தாய் மரத்தைப் போல் இருக்காது. எங்கள் தோட்டத்திலேயே ஒரு மரத்துப் பழம் வெண்ணெயைத் தோற்கடிக்கும். பத்தடி தள்ளி நிற்கும் மரத்தில் ஒரு பழம் அரைக்கிலோ இருக்கும், உள்ளே தண்ணீர் ருசிதான். இதைச் சரிசெய்யத்தான் பெரும்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் நல்ல மரமாகத் தேர்வு செய்து, டிகேடி 1 என்று ஒரு ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நடுத்தர அளவு, உருண்டை வடிவம், கொழுப்பு நன்றாக இருக்கும். ஆகவே ஒரு பழம் சப்பென்று இருந்தால் இந்தப் பழமே இப்படித்தான் என்று முடிவுக்கு வராதீர்கள். நன்றாக இருந்த பழத்தை எந்தக் கடையில், யாரிடம் வாங்கினீர்கள் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அங்கேயே திரும்பப் போங்கள். எங்கள் பக்கத்துப் பழம் ஜூலை, ஆகஸ்டில் நிறைய இறங்கும். அப்போது விலையும் குறைவு. வெளிநாட்டுப் பழத்துக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

வெட்டும்போது கவனம். நீளவாக்கில் கொட்டை வரைக்கும் கத்தியை இறக்கி, பழத்தைச் சுற்றி வந்து, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினால் பிரிந்துவிடும். கொட்டையைக் கத்தி முனையால் குத்தி எடுக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டுச் செய்யாதீர்கள். கத்தி வழுக்கி உள்ளங்கையில் இறங்கிவிடும். என் நாத்தனாருக்கு மூன்று தையல். ஒரு கரண்டியைக் கொட்டைக்கு அடியில் விட்டு நெம்பினால் பழுத்த பழத்தில் தானாக வரும். அப்படி வரவில்லை என்றால் அது பழுக்கவில்லை என்று அர்த்தம்.

இனி முதல்முறை சாப்பிடுகிறவருக்கு நான் கொடுக்கும் பக்குவம். பழுத்த பழத்தின் சதையைக் கரண்டியால் வழித்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். உடனே அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். ருசிக்கு மட்டுமில்லை, காற்றுப் பட்டதும் கத்தரிக்காய் கறுக்கிற மாதிரி இதுவும் கறுக்கும். புளிப்பு அதைத் தாமதப்படுத்தும். கல் உப்பைப் பொடித்துக் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி மல்லித்தழை, எல்லாம் பொடியாக நறுக்கியது. மத்தாலோ முள்கரண்டியாலோ பாதி மசிந்தும் பாதி துண்டாகவும் இருக்கிற மாதிரி மசியுங்கள். மிக்ஸி வேண்டாம், கூழாகிவிடும். கடைசியாக ஒரு சின்னக் கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, ஒரு காய்ந்த மிளகாய் தாளித்து மேலே கொட்டுங்கள். கடுகு வெடித்து அந்தப் பச்சைக் குழைவில் விழுகிற நேரத்தில், இது நம் வீட்டுப் பண்டமாகிவிடும். இரண்டு முட்டை ஆம்லெட்டோடு சாப்பிட்டுப் பாருங்கள். வறுத்த மீனோடு இன்னும் நன்றாகப் போகும். மீனின் காரத்துக்கும் மொறுமொறுப்புக்கும் இந்தக் குளுமை சரியான ஜோடி.

என் மாமியாருக்கு எழுபது வயதுக்கு மேல். வாழ்நாள் முழுக்க மரத்தைப் பார்த்தவர், பழத்தைச் சர்க்கரை போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததோடு சரி, அவர் தொட்டதில்லை. இந்தப் பச்சடியில் கட்டித் தயிர் இரண்டு கரண்டி சேர்த்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "வெள்ளரிப் பிஞ்சும் வெண்ணெயும் சேர்ந்த மாதிரி இருக்கும்மா" என்றார். அதைவிடச் சரியாக இந்த ருசியை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுப்பில் ஏற்றாதீர்கள். அதிக நேரம் சூடானால் இந்தப் பழம் கசக்கும். பழத்துக்குள் முட்டையை உடைத்து ஊற்றி ஓவனில் வேகவைக்கிற முறை ஒன்று படங்களில் அழகாகத் தெரியும். முதல்முறை சாப்பிடுபவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். ரசத்தில், குழம்பில் போடுவதும் வேண்டாம். வேண்டுமானால் அடுப்பை அணைத்துவிட்டு, பரிமாறும்போது துண்டுகளை மேலே போடுங்கள். நன்றாகக் கடைந்த மோரில் ஒரு கரண்டி சதையை விட்டு, இஞ்சி, உப்பு, கறிவேப்பிலை சேர்த்து அடித்தால் மதியத்துக்கு ஒரு டம்ளர் போதும், சாயங்காலம் வரை பசிக்காது.

நீங்கள் குடித்த பால்–தேன் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு டம்ளர் பால் 200 மில்லி என்றால் அதிலேயே பால் சர்க்கரை சுமார் 10 கிராம். தேன் இரண்டு மேசைக்கரண்டி என்றால் அதில் சர்க்கரை 34 கிராம். ஆக 44 கிராம், அதுவும் மிக்ஸியில் அடித்துத் திரவமாக, சீக்கிரம் ஏறுகிற வடிவத்தில். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிற பலர் ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளும் அளவே 50 கிராமுக்குள்தான். பழத்திலிருந்து வந்தது இரண்டு மூன்று கிராம். சுகர் ஏறியதற்குப் பழத்தைக் குற்றம் சொல்ல முடியாது. தேன் இயற்கையானது என்பது உண்மைதான், ஆனால் ரத்தத்துக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரை, பனங்கருப்பட்டி எல்லாவற்றுக்கும் இதே பதில்.

எவ்வளவு சாப்பிடலாம்? ஹாஸ் போன்ற சின்னப் பழம் என்றால் பாதி. நம் ஊர் அரைக்கிலோ பழம் என்றால் தோலும் கொட்டையும் போக 300 கிராமுக்கு மேல் சதை தேறும். அதில் கால் பங்கு போதும். முதல் தடவை இரண்டு மூன்று கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நார்ச்சத்தும், குடலில் முழுதாகச் செரிக்காத ஒருவகைச் சர்க்கரைப் பொருளும் இதில் உண்டு. ஒரேயடியாக ஒரு பழத்தை இறக்கினால் சிலருக்கு வயிறு உப்பும். வாழைப்பழம், கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கிறவர்களும், ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்த ஒவ்வாமை இருப்பவர்களில் சிலருக்கு இதுவும் ஒத்துக்கொள்வதில்லை. மீதிப் பழத்தைக் கொட்டையை எடுக்காமல், வெட்டின பக்கம் எலுமிச்சை தடவி, டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். மேலே லேசாகக் கறுத்திருந்தால் சீவிவிட்டுச் சாப்பிடலாம். பழுத்த முழுப் பழமும் இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் இருக்கும். குளிரில் வைப்பது பழுத்த பிறகு மட்டும்தான்.

இப்போது உங்கள் தலைபாரத்துக்கு வருகிறேன். இது பழத்தால் தீராது, அதனால்தான் தனியாகச் சொல்கிறேன். மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இன்சுலின் அளவு இறங்கும். அதோடு சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ள ஆரம்பிக்கும். முதல் இரண்டு வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். கூடவே உப்பும் போய்விடுவதால்தான் தலைபாரம், சோர்வு, ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம். உப்புப் போட்ட மோர், எலும்பு சூப், போதுமான தண்ணீர், இதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். பட்டர் ஃப்ரூட்டில் பொட்டாசியம் இருக்கிறது, சோடியம் கிட்டத்தட்ட இல்லை. எனவே அதையும் உப்புப் போட்டே சாப்பிடுங்கள். ஆனால் ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து எடுப்பவராக இருந்தால் உப்பை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

மலச்சிக்கலுக்கு இந்தப் பழம் உண்மையிலேயே உதவும். பாதிப் பழத்தில் நாலைந்து கிராம் நார்ச்சத்து கிடைக்கிறது. சோறும் பருப்பும் குறைந்த தட்டில் அது சின்ன அளவு இல்லை. ஆனாலும் தினமும் ஒரு கீரையும், வெண்டைக்காயோ அவரைக்காயோ ஒரு கிண்ணமும் இருக்கட்டும். பேலியோ என்றால் கறியும் முட்டையும் மட்டும்தான் என்று நினைத்துக் காய்கறியை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

மாத்திரை விஷயம்தான் நீங்கள் எழுதியதில் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தது. எந்த மாத்திரை என்று நீங்கள் சொல்லவில்லை. கிளைமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, மாவுச்சத்தையும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், கண் இருட்டுவது வந்தால் உணவுமுறையெல்லாம் அப்புறம். உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ வாயில் போடுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி 'ஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரை எடுப்பவர்களுக்கு வேறு அபாயம் உண்டு: மாவுச்சத்து மிகவும் குறைந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிற கீட்டோஅசிடோசிஸ் வரலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும், மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போய், "மாவுச்சத்தைக் குறைத்திருக்கிறேன், அளவை மாற்ற வேண்டுமா" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியத்துக்காகப் பட்டர் ஃப்ரூட்டையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து வருடம் ஆகிவிட்டதென்றால் அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், வைட்டமின் கே இருப்பதால், ஒருநாள் நிறைய ஒருநாள் ஒன்றுமில்லை என்று சாப்பிடாமல், சீராக ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் சரி என்றதும் அந்த மூன்றாவது பழம். வெளியே எடுத்து வைத்தாயிற்று என்றால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, வாழைப்பழத்தோடு சேர்த்துச் சுற்றி வையுங்கள். வாழைப்பழத்தை வீட்டில் வேறு யாராவது சாப்பிடட்டும். மூன்றாம் நாளிலிருந்து காம்பை நெம்பிப் பாருங்கள். ஆறு ஏழு நாள் ஆகியும் காம்பு அசையாமல் தோல் மட்டும் சுருங்கினால் அது பிஞ்சு, எறிந்துவிட்டு வேறு கடையில் ஒன்று வாங்குங்கள். கழன்று வந்து உள்ளே இளம்பச்சை தெரிந்தால், சின்ன வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்துவிடலாம். சாப்பிடுவதற்கு முன்னாலும் இரண்டு மணி நேரம் கழித்தும் சுகர் பார்த்து, இரண்டு எண்ணையும் பால், தேன் குடித்த அன்றைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.